ரஹீம் வாத்தியாரும் பெங்களூர்த் தமிழ்ப் பசங்களும்

அமெரிக்காவில் கல்லூரிக் கால்பந்து தொடங்கிய காலத்தில் கோச் என்று தனியாக ஓர் உத்தியோகம் கிடையாது. (அவர்கள் ஊர்க் கால்பந்தைச் சொல்கிறேன். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் ஆட்டத்துக்கு ஏன் அந்தப் பெயர் என்று என்னைக் கேட்காதீர்கள்.) பாடம் நடத்துகிற ஆளே சாயங்காலம் மைதானத்திலும் நிற்பார். 1892-இல் சிகாகோ பல்கலைக்கழகம் திறந்தபோது அலோன்சோ ஸ்டாக் என்பவரைக் கூப்பிட்டு, ஆசிரியர் வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, ஆட்டத்தையும் அவர் கையில் கொடுத்தார்கள். 1932 வரை அவர் அந்த இடத்தை விடவில்லை. அவர் அதற்கு முன் இருந்த இடம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி. கூடைப்பந்தைக் கண்டுபிடித்த நெய்ஸ்மித்தும் அங்கேதான் இருந்தார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டு 1919-இல் மெட்ராஸுக்குக் கப்பல் ஏறி வந்தவர் ஹாரி க்ரோ பக். 1920-இல் அவர் தொடங்கிய பள்ளிதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியை மேனேஜராகக் கூட்டிப்போனவரும் அவரே. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் விசிலோடு சுற்றும் 'பி.டி. மாஸ்டர்' என்கிற ஜீவனுக்கு மூலபுருஷர் என்றால் அவரைத்தான் சொல்ல வேண்டும்.

இப்படி வாத்தியாராகவும் கோச்சாகவும் இருந்தவர்களைத் தேடிக்கொண்டே போனால், இந்தியாவில் வந்து நிற்கிற இடம் ஹைதராபாத். ஆள், சையத் அப்துல் ரஹீம். 'ரஹீம் சாப்' என்றால்தான் அங்கே தெரியும். கண்டிப்பாகச் சொன்னால் அவர் கல்லூரிப் பேராசிரியர் இல்லை, பள்ளிக்கூட வாத்தியார். ஆனால் இந்தியக் கால்பந்தில் பேராசிரியர் பட்டம் யாருக்காவது கொடுக்கலாம் என்றால் எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை.

2024 ஏப்ரலில் 'மைதான்' என்று அஜய் தேவ்கன் நடித்த இந்திப் படம் வந்த பிறகு அவர் பெயர் கொஞ்சம் வெளியே தெரிகிறது. படம் எப்படி என்று எழுதப் போவதில்லை. மூன்று மணி நேரப் படத்தில் ஒரு வாத்தியார் வகுப்பெடுத்ததை எவ்வளவு நேரம் காட்டிவிட முடியும்? எனக்கு அவர் கதையில் பிடித்ததெல்லாம் அந்த வகுப்புகள்தான்.

ரஹீம் பிறந்தது 17 ஆகஸ்ட் 1909. உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பி.ஏ. படித்தவர். அங்கே பல்கலைக்கழக அணியில் ஆடினார். வெளியே வந்ததும் ஆசிரியர் வேலை. காச்சிகூடா நடுநிலைப் பள்ளி, பிறகு தாருல் உலூம், சாதர்காட் என்று ஹைதராபாத்தின் பள்ளிகளில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், நடுவில் உடற்கல்வியில் டிப்ளமோ வாங்கி விளையாட்டுப் பொறுப்பையும் எடுத்துக்கொண்டார். இதற்கிடையில் ஆடவும் செய்தார். சிட்டி காலேஜின் பழைய மாணவர்களும் படித்துக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்து 'லெவன் ஹன்டர்ஸ்' என்று ஓர் அணி வைத்திருந்தார்கள். அதில் ஒருவர். அவர் பெரிய ஆட்டக்காரர் என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இல்லை. நன்றாக ஆடுகிறவனுக்குத் தான் எப்படி ஆடுகிறோம் என்று பெரும்பாலும் சொல்லத் தெரியாது. எங்கள் வங்கியிலேயே பாருங்கள், கடன் விண்ணப்பத்தை ஒரு பார்வையில் எடைபோடுகிற மேனேஜருக்குப் புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வராது.

1943-இல் ஹைதராபாத் கால்பந்துச் சங்கத்துக்கு அவர் செயலாளர் ஆனார். சங்கத்தை அவரோடு சேர்ந்து தூக்கி நிறுத்தியவர் எஸ்.எம். ஹாதி. 1924 ஒலிம்பிக்ஸில் இந்தியாவுக்காக டென்னிஸ் ஆடியவர், ஏழு விளையாட்டு தெரிந்தவர் என்பதால் 'ரெயின்போ ஹாதி' என்று பெயர். ஹாதிக்குச் செல்வாக்கும் உற்சாகமும் இருந்தன. ரஹீமிடம் நோட்டுப் புத்தகம் இருந்தது. இந்த மாதிரிக் கூட்டணி அமைந்தால்தான் சங்கங்கள் உருப்படும்.

அந்த நாளில் இந்தியக் கால்பந்து என்றால் வெறுங்கால், ஒற்றை ஆளாகப் பந்தைக் கடைந்துகொண்டு போகிற வித்தை, 2-3-5 என்கிற பழைய அடுக்கு. நாலு பேரைத் தாண்டினால் கைதட்டல். பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறவனே ஹீரோ. ரஹீம் இந்த வியாதிக்கு வகுப்பறை வைத்தியம் கண்டுபிடித்தார். டிரிப்ளிங் செய்யவே கூடாது என்று ஒரு போட்டி நடத்தினார். பந்து வந்ததும் அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். அடுத்து, பழக்கமில்லாத காலால் மட்டும் ஆட வேண்டும் என்று ஒரு போட்டி. வலங்கால்காரன் இடங்காலை மட்டும் பயன்படுத்தி எண்ணெயில் வழுக்குகிற மாதிரித் தடுமாறுவதை யோசித்துப் பாருங்கள். மூன்றாவதாக, இத்தனை உயரத்துக்கு மேல் இருப்பவர்களுக்கு இடமில்லை என்று குள்ளப் பையன்களுக்காக ஒரு போட்டி.

இதெல்லாம் ஏதோ வேடிக்கைப் போட்டிகள் என்று நினைத்து நானும் தாண்டிப் போயிருப்பேன். யோசித்தால்தான் புரிகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு கணக்கை 'இந்த முறையில் போடாதே, வேறு முறையில் போடு' என்று வாத்தியார் சொல்வார் இல்லையா, அதுதான் இது. பையனைத் திட்டவில்லை. 'சுயநலமாக ஆடாதே' என்று உபதேசம் பண்ணவில்லை. ஆட்டத்தின் விதியை மாற்றிவிட்டார், பழக்கம் தானாக மாறியது. பையன்கள் ஜெயிக்க வேண்டுமென்றால் பாஸ் கொடுக்காமல் வேறு வழியே இல்லை.

பலன் சீக்கிரமே தெரிந்தது. அவர் பயிற்சி கொடுத்த ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. பிரிவினைக்குப் பிறகு 1950-இல் டெல்லியில் மறுபடி தொடங்கிய டூராண்ட் கோப்பையின் இறுதியில் மோகன் பகானைத் தோற்கடித்தது. கல்கத்தாவில் கிளப்புகளுக்குப் பின்னால் ஜமீன்தார்களும் பத்திரிகைகளும் லட்சக்கணக்கில் ரசிகர்களும். இங்கே மாதச் சம்பளக் கான்ஸ்டபிள்கள், ஒரு வாத்தியார்.

இந்த இடத்தில் பலராம் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். துளசிதாஸ் பலராம், செகந்திராபாத் கன்டோன்மென்ட் பக்கத்தில் அம்முகூடா என்கிற கிராமத்தில் 1936-இல் பிறந்தவர். தமிழ்க் குடும்பம், அம்மா பெயர் முத்தம்மா. வீட்டில் வறுமை. தூக்கிப்போட்ட போலீஸ் பூட்ஸைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, கால்பந்து பூட்ஸாக மாற்றித் தைத்துப் போட்டுக்கொண்டு ஆடிய பையன். ரஹீம் இவர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஹைதராபாத் அணித் தேர்வுப் பயிற்சிக்கு வரச் சொல்கிறார். பையன் தயங்குகிறான். காரணம் பயமோ கூச்சமோ இல்லை. செகந்திராபாத்திலிருந்து தினமும் வந்துபோகக் காசு இல்லை. ரஹீம் யோசிக்கவில்லை. வாடகை சைக்கிளுக்குத் தினம் ஒரு ரூபாய் தானே கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார். பலராம் பின்னாளில் பேட்டிகளில் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஹைதராபாத் 1956-லும் 1957-லும் அடுத்தடுத்து சந்தோஷ் டிராபியை வென்றது. அந்த ஒரு ரூபாய்ப் பையன் 1956-லேயே மெல்போர்ன் ஒலிம்பிக்ஸுக்கும் போனார்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் சுதந்திர இந்தியாவின் முதல் ஆட்டம், ஜூலை 31, எதிரணி பிரான்ஸ். இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டு 1-2 என்று தோற்றோம். நம் ஆட்கள் பெரும்பாலும் வெறுங்காலில் ஆடினார்கள். ரஹீம் அப்போது கோச் இல்லை. 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகாததற்குக் காரணம் பூட்ஸ் போட மாட்டோம் என்று சொன்னதுதான் என்று ஒரு கதை இன்றைக்கும் வாட்ஸப்பில் சுற்றுகிறது. நம்பாதீர்கள். பயிற்சிக்கு நேரம் போதவில்லை, அணித் தேர்வில் தகராறு என்றுதான் சம்மேளனம் சொன்னது. அதைவிட முக்கியம், அவர்களுக்கு ஒலிம்பிக்ஸ்தான் பெரிதாகத் தெரிந்தது, உலகக் கோப்பை யாருக்கு வேண்டும் என்கிற நினைப்பு. எப்பேர்ப்பட்ட வாய்ப்பு!

ரஹீம் இந்திய அணியின் பொறுப்புக்கு வந்தது 1950-இல். 1951-இல் டெல்லியில் முதல் ஆசிய விளையாட்டு. மார்ச் 10-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம். மேவாலால் கோல். நேரு உட்கார்ந்து பார்த்தார். அடுத்த வருடமே ஹெல்சின்கி. குளிரில் வெறுங்கால், எதிரே யூகோஸ்லாவியா. 1-10. எழுத்துப் பிழை இல்லை, பத்துதான். அந்த யூகோஸ்லாவியா சாதாரண அணி இல்லை, அந்த ஒலிம்பிக்ஸில் இறுதி வரை போய் வெள்ளி வாங்கியது. இருந்தாலும் பத்து என்றால் பத்து.

வேறு ஆளாக இருந்தால் ராஜினாமா செய்திருப்பார், அல்லது குளிரைக் குறை சொல்லியிருப்பார். ரஹீம் தேர்வுத்தாள் திருத்துகிற மாதிரி அந்த ஆட்டத்தைத் திருத்தினார். அதன் பிறகு பூட்ஸ் கட்டாயமானது. 2-3-5 போய், தடுப்பில் மூன்று பேர் வைத்த அடுக்கு வந்தது. அடுத்த வருடம், 1953-இல், ஹங்கேரி வெம்ப்ளியில் இங்கிலாந்தை 6-3 என்று உரித்தது. ஹிடேகுட்டி என்கிற சென்டர் ஃபார்வர்டு முன்னால் நிற்காமல் பின்னால் இறங்கி நின்று எதிரணித் தடுப்பைக் குழப்பிய ஆட்டம் அது. இந்தப் பாடமெல்லாம் ஹைதராபாத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் நோட்டுக்கு வந்து சேர்ந்தது. பிரேசிலுக்கு முன்பே 4-2-4 ஆட வைத்தவர் ரஹீம் என்று சிலர் அடித்துச் சொல்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. அந்த அடுக்கின் விதை ஹங்கேரி ஆட்டத்திலேயே இருந்தது, பல இடங்களில் பலர் ஒரே சமயத்தில் முளைக்க வைத்தார்கள். ரஹீமின் பெருமைக்கு இந்த 'முதல் ஆள்' பட்டம் தேவையும் இல்லை. 1956-இல் அவரிடம் கற்றவரான ஆல்பர்டோ ஃபெர்னாண்டோ 1964-இல் பிரேசிலில் கோச்சுகளுக்கான பயிற்சிக்குப் போய்வந்து, ரஹீம் எங்களுக்கு அன்று சொன்னதைத்தான் அங்கே இப்போது சொல்லித்தருகிறார்கள் என்றாராம். இந்தச் சான்றிதழ் போதும்.

மெல்போர்ன், 1956. முதல் சுற்றில் ஹங்கேரியோடு ஆட வேண்டியது. ஆனால் அந்த வருடம் சோவியத் டாங்கிகள் புடாபெஸ்ட்டுக்குள் புகுந்தன. ஹங்கேரி கால்பந்து அணி வரவில்லை, இந்தியா ஆடாமலே காலிறுதிக்குப் போனது. டிசம்பர் 1, உள்ளூர் ஆஸ்திரேலியா. நெவில் டிசூசா மூன்று கோல். ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் அவர். நான்காவது கோல் 'கிட்டு' என்று அழைக்கப்பட்ட ஜே. கிருஷ்ணசாமி. 4-2. ஏதோ அதிர்ஷ்டத்தில் ஜெயித்துவிட்டார்கள் என்று ஆஸ்திரேலியர்கள் நினைத்திருந்தால், அதே மாதம் 12-ஆம் தேதி சிட்னியில் நடந்த நட்பு ஆட்டத்தில் அதற்கும் பதில் கிடைத்தது: 7-1.

அரையிறுதியில் எதிரே மறுபடியும் யூகோஸ்லாவியா. நாலு வருடத்துக்கு முன் பத்து கோல் போட்ட அதே நாடு. இடைவேளை வரை கோல் இல்லை. இரண்டாம் பாதியில் முதல் கோல் நம்முடையது, நெவில். சில நிமிடங்கள்தான், ஆனால் அந்தச் சில நிமிடங்கள் இந்தியா ஒலிம்பிக் இறுதிக்குள் ஒரு காலை வைத்திருந்தது. பிறகு அவர்கள் நாலு போட்டார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. நாலாவது இடம். 10-1, 4-1 ஆகியிருக்கிறது என்று கணக்குப் பார்க்கிறவன் நான். நாலு வருடத்தில் ஆறு கோல் பற்று குறைந்திருக்கிறது என்றால், எந்த ஆடிட்டரும் அந்த வாத்தியாரைப் பாராட்டித்தான் எழுதுவார்.

1960 ரோமில் குழு ஆட்டங்களோடு திரும்பினார்கள். புத்தகத்தில் அது தோல்வி. விவரம் பார்த்தால் வேறு மாதிரி. ஃப்ளோரியான் ஆல்பர்ட் ஆடிய ஹங்கேரியிடம் 1-2 தான், நம் கோல் பலராம். பிரான்ஸோடு 1-1, பி.கே. பானர்ஜி அடித்த கோலை வைத்துக்கொண்டு ஆட்டம் முடியப் பத்து நிமிடம்கூட இல்லாத நேரம் வரை முன்னிலையில் இருந்தோம். பெருவிடம் 1-3. இந்திய ஆண்கள் கால்பந்து அணி ஒலிம்பிக்ஸில் ஆடியது அதுவே கடைசி.

இந்த ஆட்டங்களைப் பற்றி நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் கிளையில் நவம்பர் வந்தால் ஓய்வூதியர் கூட்டம், உயிர்ச்சான்று கொடுக்க வருவார்கள். ஹெப்பகோடியில் மகன் வீட்டோடு இருக்கும் ஒரு பெரியவர், எண்பதைத் தாண்டியவர். பொதுத்துறை ஆலை ஒன்றில் வேலை பார்த்தவர். பூர்வீகம் அல்சூர். ரேகை வைக்கிற மெஷின் வழக்கம்போல மக்கர் பண்ணிக்கொண்டிருந்த நேரத்தில் பேச்சு மைதான் படத்துக்குப் போனது.

"பாத்தேன் சார். நல்லாத்தான் எடுத்துக்கிறான். ஆனா நம்ம பசங்கள யாரு சார் கண்டுக்கிறான்?"

"தங்கராஜ் வர்றாரே ஐயா" என்றேன்.

"அவரு செகந்திராபாத் சார். நான் சொல்றது நம்ம அல்சூரு, ஆஸ்டின் டவுன் பசங்கள. ராமன் பேரு கேட்டுக்கிறீங்களா நீங்க? ஃபர்ஸ்ட்டு கோலு போட்டவரு அவருதான்."

கேட்டதில்லை. திருநெல்வேலியிலிருந்து வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது, ஓசூர் ரோடு டிராஃபிக்கைத் தவிர இந்த ஊரைப் பற்றி என்ன தெரிந்துகொண்டோம் என்று இருந்தது. அதற்குப் பிறகுதான் தேடினேன். 1948-இல் பிரான்ஸுக்கு எதிரே அந்த ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல், அடித்தவர் பெங்களூர்த் தமிழர். நான் பி.காம். படித்த காலத்திலிருந்து விளையாட்டு க்விஸ் எத்தனையோ பார்த்திருக்கிறேன், யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

அந்த 1948 அணியின் பட்டியலைப் பார்த்தால் வரதராஜ், தன்ராஜ், வஜ்ரவேலு, அகமது கான் என்று மைசூர்ப் பக்கத்துப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. இது தற்செயல் இல்லை. 1809-இல் வெள்ளைக்காரன் பெங்களூரில் கன்டோன்மென்ட் போட்டபோது கூடவே வடாற்காடு, தென்னாற்காடு ஜில்லாக்களிலிருந்து தமிழர்கள் சிப்பாயாக, கூலியாக, சமையல்காரராக, கொத்தனாராக வந்து அல்சூரைச் சுற்றிக் குடியேறினார்கள். மெட்ராஸ் சாப்பர்ஸ் படைக்கும் அல்சூர்தான் இடம். சிப்பாய்கள் பந்து ஆடினார்கள், வேலி ஓரம் நின்று பார்த்த பையன்கள் கற்றுக்கொண்டார்கள். 1937-லும் 1938-லும் பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி, பட்டாளத்து அணிகளின் சொத்தாக இருந்த ரோவர்ஸ் கோப்பையையே தூக்கி வந்தது. மைசூர் மாநிலம் 1946-லும் 1952-லும் சந்தோஷ் டிராபி வென்றது. கல்கத்தா ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் 'பஞ்ச பாண்டவர்கள்' என்று ஐந்து ஃபார்வர்டுகளைக் கொண்டாடினார்கள்: அப்பாராவ், வெங்கடேஷ், சாலே, அகமது கான், தன்ராஜ். அவர்களில் ஒருவர்கூட வங்காளி இல்லை! ஹெல்சின்கியில் பத்து கோலுக்கு எதிரே அந்த ஒற்றைக் கோலை அடித்தவரும் இந்த அகமது கான்தான். 2017-இல் பெங்களூரில் காலமானார்.

2025 ஆகஸ்டில் மஞ்சள் தடத்தில் மெட்ரோ ஓட ஆரம்பித்த பிறகு ஹெப்பகோடியிலிருந்து அல்சூர் போவது கொஞ்சம் சுலபமாகிவிட்டது, இரண்டு இடத்தில் மாற வேண்டும், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் கௌதமபுரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தேன். 'குட்டி பிரேசில்' என்று பெயர் வாங்கிய இடம். தெருவில் அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள். பெலேவுக்கு வைத்தது சரிதான். ராமனுக்கு ஒன்று வைத்திருக்கலாம்.

சரி, ரஹீமுக்கு வருவோம். 1962, ஜகார்த்தா. அவர் உடம்புக்குள் நுரையீரல் புற்றுநோய் இருந்தது. சிகரெட் அவரை விட்டதில்லை. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2. தாய்லாந்தை 4-1 என்று வென்ற ஆட்டத்தில் தடுப்பின் தூண் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடி, ஆறு தையல். கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் காய்ச்சலில் படுக்கை. ஜப்பானை 2-0 என்று தாண்டி அரையிறுதிக்கு வந்தாகிவிட்டது. தலையில் தையல் போட்டவனைத் தடுப்பில் வைத்தால் ஒவ்வொரு பந்தையும் தலையால்தான் முட்டித் தள்ள வேண்டும். வெளியே உட்கார வைக்கலாம், ஆனால் அவனுக்குப் பதில் வேறு ஆள் இல்லை. ரஹீம் அவரைத் தூக்கி சென்டர் ஃபார்வர்டாகப் போட்டார்! சீக்கியப் பையன் தலையில் கட்டோடு முன்னால் நின்று தென்வியட்நாமுக்கு எதிரே ஒரு கோல் அடித்தார். மற்ற இரண்டும் கேப்டன் சுனி கோஸ்வாமி. 3-2.

மைதானத்துக்கு வெளியே நிலைமை மோசம். இந்தோனேசியா இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் விசா தராததை எதிர்த்து இந்திய விளையாட்டு அதிகாரி ஜி.டி. சோந்தி பேசிவிட்டார். ஜகார்த்தா கொதித்தது. இந்தியத் தூதரகத்தில் கும்பல் புகுந்து நொறுக்கியது. அடுத்த நாள், செப்டம்பர் 4, இறுதி ஆட்டம். செனாயன் ஸ்டேடியத்தில் ஒரு லட்சம் பேர், இந்தியாவின் காலில் பந்து பட்டாலே ஊளை. கூட்டத்தில் இந்தியாவுக்காகக் கத்தியவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி அணி.

முந்தின நாள் இரவு ரஹீம் வீரர்களைக் கூப்பிட்டு, எனக்கு நாளைக்கு உங்களிடம் ஒரு பரிசு வேண்டும், தங்கம் வேண்டும் என்று கேட்டதாக அந்த அணியில் ஆடியவர்கள் பின்னாளில் சொன்னார்கள். அவருடைய உடம்பு எந்த நிலையில் இருந்தது என்று அவர்களுக்கு முழுதாகத் தெரியாது. மறுநாள் காலை ஒரு முடிவு எடுத்தார். காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜைக் கோலில் நிறுத்தினார். நடுவில் நன்றாக ஆடிக்கொடுத்த பிரத்யோத் பர்மனை உட்கார வைப்பது கஷ்டமான முடிவு. ஆனால் கொரியர்கள் உயரத்தில் பந்து போடுவார்கள், உயரமான ஆள் வேண்டும் என்பது கணக்கு. தங்கராஜும் தமிழர்தான், குன்னூர் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் சென்டருக்கு ஆடியவர். அங்கே ஃபார்வர்டாகத் தொடங்கிக் கோல்கீப்பர் ஆனவர். அந்த அணி 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பை வென்றது.

17-ஆவது நிமிடம் பி.கே. பானர்ஜி. 20-ஆவது நிமிடம் தலையில் தையலோடு ஜர்னைல். கொரியா கடைசியில் ஒன்றைத் திருப்பியது, 2-1. தங்கம். கேரளத்துச் சந்திரசேகர், வங்காளத்து அருண் கோஷ், ஹைதராபாத்து யூசுஃப் கான், செகந்திராபாத்துப் பலராம், தங்கராஜ், பஞ்சாபி ஜர்னைல், இப்படி ஒரு வகுப்பு. மாற்று ஆட்களாகக் கூடப் போனவர்களில் அருமைநாயகம், எத்திராஜ் என்று இரண்டு தமிழ்ப் பெயர்கள்.

ஊர் திரும்பிய பிறகு ரஹீம் படுத்த படுக்கையானார். 11 ஜூன் 1963-இல் இறந்தார். 54 வயதுகூட முடியவில்லை. இறக்கும்வரை சிட்டி போலீஸின் கோச், ஹைதராபாத் சங்கத்தின் செயலாளர். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது தொடங்கியதே 1985-இல்தான்.

வங்கியில் ஒரு விஷயம் அடிக்கடி பார்ப்போம். நாமினி போடாமல் ஆள் போய்விட்டால் பணம் இருக்கும், எடுக்க முடியாது. குடும்பம் சான்றிதழுக்கு அலைந்துகொண்டே இருக்கும். ரஹீம் விட்டுப்போனதும் அப்படித்தான் ஆனது. 1964-இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஹாரி ரைட் தலைமையில் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் வெண்கலம். அந்த பாங்காக் அணியின் கோச்சுகள் ரஹீமின் சீடர் பி.கே. பானர்ஜியும் பெங்களூர்க்காரர் ஜி.எம்.எச். பாஷாவும், கேப்டன் ஹைதராபாத்தின் நயீமுதீன். அதாவது ரஹீமின் மாணவர்கள் ஆடி, பயிற்சி கொடுத்து முடிக்கும்வரை வண்டி ஓடியது. அதன் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குப் பதக்கமே இல்லை. அவர் தோற்றவுடன் கற்றுக்கொண்டார், கற்றதைப் பையன்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று ஒரு வழியும் கண்டுபிடித்தார். டிரிப்ளிங் இல்லாத போட்டியை அவருக்குப் பிறகு எந்தச் சங்கம் நடத்தியது? வீரர்களைத் தேட எல்லோருக்கும் ஆசை, பத்து வயதுப் பையனின் இடங்காலைத் தேடத்தான் யாரும் இல்லை. இதற்குப் பெரிய ஸ்டேடியமோ வெளிநாட்டுக் கோச்சோ வேண்டாம், ஒரு மைதானமும் பிடிவாதமான ஒரு பி.டி. மாஸ்டரும் போதும் என்பதுதான் எரிச்சலான விஷயம்.

ரஹீமின் மகன் சையத் ஷாஹித் ஹக்கீமும் ஆட்டக்காரர்தான். 1960 ரோம் அணியில் இருந்தார், அப்பாதான் கோச். ஆனால் ஓர் ஆட்டத்தில்கூட மகனை இறக்கவில்லை. விமானப்படையில் ஸ்குவாட்ரன் லீடராக இருந்து, ஃபிஃபா நடுவராகி, 2017-இல் தயான்சந்த் விருது பெற்று, 2021 ஆகஸ்டில் நம் கர்நாடகத்துக் கலபுரகியில் காலமானார். பலராம் 2023 பிப்ரவரி 16 வரை இருந்தார். 1962-இல் தங்கம் வாங்கிய பிறகு காசநோய் வந்து, 27 வயதுக்குள் ஆட்டத்தையே விட வேண்டியிருந்தது அவருக்கு. கடைசிக் காலம் வங்காளத்தில் உத்தர்பாராவில் தனியாக. கேட்கிறவர்களுக்கெல்லாம் அந்த ஒரு ரூபாய்க் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.